நோர்வே உறவுகளுக்கு, 170 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

அன்பான நோர்வே வாழ் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம். டென்மார்க்கின் யூலண்ட் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கலியாணவீடோ சாமத்தியவீடோ, நாங்களும் நீங்களும் ஒரு மேசையில் இருந்தால் சோறு வருவதற்கு முன் மலைப் பகிடி வந்துவிடும். "உங்கட நாட்டில ஆக உயரமான இடம் பார்க்கிங் கட்டடத்தின்ர மேல்மாடிதானே?" என்று ஒரு மச்சான் தொடங்குவார். "ஏறப் போனவை உச்சி எப்ப வந்தது எண்டு தெரியாமல் மற்றப் பக்கத்தால இறங்கிட்டினமாம்" என்று அடுத்தவர் எடுத்துக் கொடுப்பார். மேசை முழுக்கச் சிரிக்கும். நாங்களும் சிரிப்போம். நல்ல பகிடிகள்தான். அதிலும் அந்த இரண்டாவது உண்மையிலேயே நடக்கக்கூடியது.

கணக்கை நானே முதலில் மேசையில் வைத்துவிடுகிறேன். எங்கள் நாட்டின் உச்சி மொல்லஹொய், கடல் மட்டத்திலிருந்து 170.86 மீற்றர். உங்களுடைய கல்ஹொப்பிக்கன் 2,469 மீற்றர். எங்களுடையதைப் பதினாலு தரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உங்களுடையதை எட்டாது. ஒஸ்லோவில் முதலாம் இலக்க மெட்ரோவில் ஏறி இருந்தால் பிரொக்னசேத்தரனில் 450 மீற்றருக்கு மேலே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். எங்கள் நாட்டு உச்சியின் உயரத்தை அந்த ரயில் தாண்டும்போது பாதிப் பேர் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தியிருக்க மாட்டார்கள். டென்மார்க்குக்கு உள்ளேயே 1998இல் திறந்த ஸ்தோரபெல்ட் பாலத்தின் தூண்கள் 254 மீற்றர். மலையைவிடப் பாலம் உயரம். நாட்டின் ஒரு பகுதியைக் கடல் மட்டத்துக்குக் கீழே வைத்திருக்கும் ஒல்லாந்துக்காரரிடம்கூட வால்சர்பெர்க் என்று 322 மீற்றரில் ஒன்று இருக்கிறது.

கிறீன்லாந்து டென்மார்க் அரசின் கீழ்தானே, அங்கே குன்பியோர்ன் மலை 3,694 மீற்றர் என்று சொல்லி உங்களை மடக்கப் பார்க்கும் ஆட்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. அது கிறீன்லாந்து மக்களின் மலை. யாருடைய நிலம் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதில் எங்கள் ஆட்களாவது கவனமாக இருக்க வேண்டும்.

உயரம்தான் பெருமை என்றால் எங்கள் எல்லோருக்கும் பொதுவான தீவில் பிதுருதலாகல இருக்கிறது. 2,524 மீற்றர், கல்ஹொப்பிக்கனைவிட 55 மீற்றர் அதிகம். அதை வைத்து யாழ்ப்பாணத்தார் யாரும் நெஞ்சை நிமிர்த்தி நான் கண்டதில்லை. எங்களில் பெரும்பாலானோர் பனங்கூடல்தான் ஆக உயரம் என்று நினைத்து வளர்ந்த ஆட்கள். எண்பதுகளின் நடுவில் ஒரே காலத்தில் வெளிக்கிட்டோம். உங்களை விமானம் மலைநாட்டில் இறக்கியது, எங்களை யூலண்டின் சின்னச் சின்ன நகரங்களில் இறக்கியது. பிராண்டவில் அபிராமி அம்மனும் ஹேர்னிங்கில் சித்தி விநாயகரும் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். மலை மட்டும் வரவில்லை.

ஆகவே உயரத்துக்காக வாதாட நான் இந்த மடலை எழுதவில்லை. என் குறை வேறு. எங்கள் உச்சியை வந்து பார்க்காமலே நீங்கள் சிரிக்கிறீர்கள்.

இத்தனைக்கும் அதன் காலடியால்தான் போய் வருகிறீர்கள். லார்விக்கில் கப்பலேறி ஹிர்ட்ஸ்ஹால்ஸில் இறங்குகிறீர்கள். ஓல்போர் தாண்டி, ஓகூஸ் தாண்டி, ஈ45 நெடுஞ்சாலையால் தெற்கே இறங்குகிறீர்கள். ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்மன் தேருக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் வழி, பிளென்ஸ்பேர்க்கில் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கும் இதுதான் வழி. ஸ்கண்டர்போர்க்குக்கும் ஹோர்சன்ஸுக்கும் நடுவில் ஐயர் பவுனஹொய் என்று பலகை போட்ட ஓய்விடம் ஒன்று வரும். (டெனிஷ்காரர் சொல்லும்போது அப்படித்தான் காதில் விழுகிறது. எங்கள் பெடியள் இன்னும் சுருக்கி ஐயர் மலை என்கிறார்கள்.) அங்கே வானை நிறுத்தி, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு விட்டு, போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பவும் ஏறிப் போகிறீர்கள். ஒரு நாட்டின் உச்சி பக்கத்திலேயே இருக்கிறது. கல்ஹொப்பிக்கனுக்கு யூவாஸ்ஹித்தாவிலிருந்து பனியாற்றைக் கயிறு கட்டிக் கடந்து போகிற நீங்கள், இதற்கு அரை மணித்தியாலம் தரமாட்டீர்களா?

அந்த இடத்தின் கதையைச் சொல்கிறேன். இதைவிட நல்ல மலைக்கதை உங்கள் நாட்டிலும் இருக்குமோ தெரியாது.

1847 வரைக்கும் டென்மார்க்கின் ஆக உயரமான இடம் ஹிம்மல்பியர் என்றுதான் நாடே நம்பியிருந்தது. உயரம் 147 மீற்றர். ஏரிக்கரையிலிருந்து சட்டென்று எழும்பி நிற்பதால் பார்வைக்கு மலை மாதிரியேதான் இருக்கும். 1839இலிருந்து ஒரு பாதிரியார் அதன் மேல் ஊர்ச்சனத்தைக் கூட்டிக் கூட்டங்கள் நடத்தினார். நாட்டு விடயங்களைச் சனம் தன் வாயால் பேசிய இடம் அது. பிறகு அளந்து பார்த்தால், ஐயர் பவுனஹொய் அதைவிட உயரம் என்று வந்துவிட்டது. அது 170.35 மீற்றர். பட்டம் கைமாறியது. ஆனால் சனம் ஹிம்மல்பியரைக் கைவிடவில்லை. 1861இல் சில்கெபோரிலிருந்து ஒரு நீராவிக் கப்பல் ஆட்களை அதன் அடிவாரத்துக்கு ஏற்றிவரத் தொடங்கியது. அதே கப்பல் இன்றைக்கும் ஓடுகிறது. பட்டம் போய் 28 வருடம் கழித்து, 1875இல், உச்சியில் 25 மீற்றர் உயரத்துக்குச் செங்கற்கோபுரமும் கட்டினார்கள். 1849இல் நாட்டுக்கு அரசியலமைப்புத் தந்த அரசரின் நினைவாக அந்தக் கோபுரம். உயரத்தில் தோற்றுப்போன ஒரு மேட்டுக்கு ஒரு நாடு இவ்வளவு மரியாதை செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோசமாக இருக்கும்.

ஐயர் பவுனஹொய்க்கும் நிம்மதி இருக்கவில்லை. சில கிலோமீற்றர் தள்ளி, காட்டுக்குள், யூடிங் ஸ்கௌஹொய் என்று இன்னொன்று. அதன் உச்சியில் நின்று அளந்தால் 172.54 மீற்றர். அப்படியென்றால் அதுதானே பெரிது? இல்லை என்றார்கள் எதிர்ப்பக்கத்தார். ஏனென்றால் அந்த உச்சியில் வெண்கலக் காலத்துப் புதைமேடு இருக்கிறது. மூவாயிரம் வருடத்துக்கு முன் யாரோ தங்கள் பெரியவரைப் புதைத்து, மேலே மண் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மண்ணைக் கழித்துப் பார்த்தால் 170.77 மீற்றர். கழித்தாலும் ஐயர் பவுனஹொயைவிட 42 சென்ரிமீற்றர் கூட. மேட்டைக் கழிக்கலாமா கூடாதா என்று இரண்டு ஊரும் கனகாலம் இழுபட்டன.

2005இல் மூன்றாவது ஆள் வந்து இரண்டு பேரையும் வென்றது. ஐயர் பவுனஹொய்க் கோபுரத்திலிருந்து சில நூறு மீற்றர் தள்ளி, பண்ணை நிலத்தில், ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்த ஒரு மேடு. 1838 தொடக்கம் 1917 வரை அதில் ஒரு காற்றாலை நின்றது, மா அரைப்பதற்கு. அளந்தால் 170.86 மீற்றர். யூடிங்கைவிட ஒன்பது சென்ரிமீற்றர் உயரம். ஒரு உள்ளங்கை அகலம்! இத்தனை காலமும் சனம் கோபுரத்தில் ஏறி நின்று "நாட்டின் உச்சியில் நிற்கிறோம்" என்று படம் எடுத்துக்கொண்டிருக்க, உண்மையான உச்சி அந்தப் படங்களின் பின்னணியில் புல்லோடு புல்லாகக் கிடந்திருக்கிறது. ஒன்பது சென்ரிமீற்றர்தானே, யூடிங்கார் தள்ளுவண்டியில் மண் கொண்டுபோய்க் கொட்டினால் சரிதானே என்று கேட்பீர்கள். செல்லாது. மூவாயிரம் வருடப் பழைய மண்ணையே கழித்துவிட்டார்களே.

இதற்கு நீங்கள் சிரிக்கும்போது உங்கள் நாட்டுக் கிளித்தர்தின் மலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் இருந்த பனிக்குல்லாவையும் சேர்த்து அளந்து, கல்ஹொப்பிக்கனைவிட அதுதான் உயரம் என்று பழைய வரைபடங்களில் போட்டிருந்தார்கள். பனியைக் கணக்கில் எடுக்கலாமா கூடாதா என்று உங்கள் நாட்டிலும் இதே வாக்குவாதம். பனி வருடத்துக்கு வருடம் கரைந்து வழக்கைத் தீர்த்து வைத்தது. எங்களுக்குப் புதைமேடு, உங்களுக்குப் பனிக்குல்லா. இரண்டாயிரம் மீற்றர் மேலே போனாலும் ஆட்கள் இழுபடுவது சில மீற்றருக்குத்தான்.

இன்னொரு விடயம் இருக்கிறது. இது உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

போர்ன்ஹோல்ம் தீவை விட்டால் டென்மார்க்கில் பாறை என்று வெளியே தெரிவது மிகக் குறைவு. ஐயர் மலையை எவ்வளவு தோண்டினாலும் களிமண், மணல், சரளைக்கல். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து இறங்கிய பனித்தகடுகள் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன மண் அது. கடைசித் தடவை, ஏறக்குறைய 20,000 வருடத்துக்கு முன், அந்தப் பனி யூலண்டின் நடுவரைக்கும் வந்து நின்றது. வரும் வழியில் எதைச் சுரண்டிக்கொண்டு வந்தது என்று நினைக்கிறீர்கள்? யூலண்டின் கடற்கரைகளிலும் வயல்களிலும் செங்கபில நிறத்தில், சாய்சதுரப் புள்ளிகள் பதித்த கல் ஒன்று அகப்படும். அது ஒஸ்லோப் பக்கத்து எரிமலைக்கல். நீலமாக மினுங்கும் லார்விக்கைட் கல்லும் அகப்படும். ஆம், நீங்கள் கப்பலேறும் அதே லார்விக். உங்களில் எத்தனையோ பேர் சமையலறை மேடைக்குக் காசு கொடுத்துப் போடும் அதே கல். அது நோர்வேயின் தேசியக் கல் என்றும் சொல்வார்கள்.

கப்பல் ஓடத் தொடங்குவதற்கு முன்னமே உங்கள் மலை எங்கள் பக்கம் வந்துவிட்டது, உறவுகளே. உங்கள் சிகரங்கள் தேய்ந்துதான் எங்கள் மேடுகள் எழும்பின. எங்கள் குட்டையைப் பார்த்து நீங்கள் சிரிப்பது, சீதனமாகக் கொடுத்த காணியைப் பார்த்துப் பெண்வீட்டாரே சிரிப்பது மாதிரி.

இனி ஏன் வரவேண்டும் என்று நான் சொல்லும் காரணம். இதைச் சொல்லத்தான் மடலே எழுதத் தொடங்கினேன்.

எண்பதுகளில் வந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. முழங்கால் போய்விட்டது. மீன் தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் முப்பது வருடம் நின்ற கால்கள். உங்கள் பிள்ளைகள் சனி ஞாயிறு என்றால் தோள்பையில் தோடம்பழமும் சொக்லேற்றும் வைத்துக்கொண்டு மலைக்கு வெளிக்கிடுகிறார்கள். நல்ல பழக்கம், நான் மெச்சுகிறேன். ஆனால் அந்தப் படங்களில் அம்மாமார் இல்லை. அவர்கள் அடிவாரத்தில், கோப்பிக்கடையில், எல்லோருடைய ஜக்கெற்றையும் மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். "நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதில இருக்கிறன்." இந்த வசனத்தை நீங்கள் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

எங்களிடம் வந்த ஒரு சின்னம்மாவும் அப்படித்தான். நோர்வேயில் இவ்வளவு காலம் இருந்தும் எல்லா மலையையும் கீழே நின்று பார்த்த ஆள். மொல்லஹொய்க்குப் போவோம் என்றபோதும் கதிரையைத்தான் தேடினா. இல்லை, வாங்கோ என்று கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனோம். புல்லுப் பாதை, ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, காற்று மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு நின்றது. உச்சியில் கொடியும் இல்லை, சிலுவையும் இல்லை. பழைய ஆலையின் அரைகல் ஒன்று, நடுவில் ஓட்டையோடு, நிலத்தோடு பதிந்து கிடக்கிறது. சின்னம்மா குனிந்து அந்த ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தா.

"இது திரிகைக்கல்லெல்லோ?"

"ஓம் சின்னம்மா. இதுதான் உச்சி."

"இதுக்கு மேல இல்லையோ?"

"நாட்டுக்கே இதுதான்."

நிமிர்ந்து சுற்றிவரப் பார்த்தா. பிறகு சப்பாத்தைச் சரிசெய்துகொண்டு கல்லின்மேல் ஏறி நின்றா. "அப்ப ஒரு படம் எடு" என்றா. எடுத்து முடிய, ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கு அழைப்பு எடுத்து, "நான் டென்மார்க்கின்ர ஆக உச்சியில நிக்கிறன், எனக்கு மேல ஒருத்தரும் இல்லை" என்று காற்றுக்குள் கத்திச் சொன்னா. அங்கே விடியற்காலை. தங்கச்சி என்ன சொன்னாவோ தெரியாது, சின்னம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற டெனிஷ் குடும்பமும் சேர்ந்து சிரித்தது.

2,469 மீற்றரில் இது நடக்காது. நாட்டின் உச்சி என்ற ஒன்றில் கைத்தடியோடும், பிள்ளை வண்டிலோடும், மூன்று தலைமுறையும் ஒன்றாக நிற்கக்கூடிய நாடுகள் உலகத்தில் கொஞ்சம்தான். உயர்ந்த மலை இருக்கும் நாட்டுக்கு இந்த வசதி இல்லை.

இந்தச் சின்ன உச்சிகளை மதிக்கிறவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களின் உச்சிகளையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அலாஸ்காவின் டெனாலி 6,190 மீற்றரும் புளோரிடாவின் பிரிட்டன் ஹில் 105 மீற்றரும் ஒரே பட்டியலில் ஆளுக்கொரு வரி. 105 மீற்றரை விட்டுவிட்டால் பட்டியல் நிரம்பாது.

மொல்லஹொயைப் பார்த்த கையோடு ஐயர் பவுனஹொய்க் கோபுரத்துக்கும் ஏறுங்கள். கால் ஏலாதவர்கள் கீழேயே நிற்கலாம், அங்கேயே காட்சி நல்லது. முன்னைய காலத்தில் எதிரி வந்தால் தீ மூட்டி அடுத்த மேட்டுக்குச் செய்தி சொன்ன இடம் அது. இப்போது நிற்கும் 13 மீற்றர் கோபுரம் 1924இல் திறந்தது. 1864 போரில் இழந்த தெற்கு யூலண்ட், 1920இல் மக்கள் வாக்களித்துத் திரும்பி வந்ததன் நினைவு. 56 வருடம் வேறொரு அரசின் கீழ், தங்கள் மொழியைப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டு காத்திருந்த சனம், பெப்ரவரி மாதம் ஒரு நாள் வரிசையில் நின்று வாக்குப் போட்டது. எல்லை அமைதியாக நகர்ந்தது. அந்தப் படிகளில் ஏறும்போது எங்கள் ஆட்கள் பகிடி விடுவதை நிறுத்திவிடுவார்கள், கவனித்திருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மேலே போய்க் காற்றில் நின்று தெற்குப் பக்கம் பார்ப்பார்கள். நான் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை, உங்களுக்கும் அதே மனம்தான்.

யூடிங் ஸ்கௌஹொய்க்கு நேரம் இருந்தால் போகலாம். காடு மறைத்திருக்கும், பார்க்க வெளி இல்லை, ஆனால் அந்தப் புதைமேட்டின் பக்கத்தில் நின்று "இது கணக்கில் வருமா வராதா" என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டால் வீடு திரும்பும்வரை வானுக்குள் விவாதம் ஓடும். ஹிம்மல்பியரைத் தனி நாளாக வையுங்கள். கப்பலில்தான் போகவேண்டும், ஏரியிலிருந்து பார்த்தால்தான் அந்தக் காலத்துச் சனம் ஏன் அதை நம்பியது என்று விளங்கும். இறங்குதுறையிலிருந்து ஏறும் பாதை மட்டும் முழங்காலுக்குக் கொஞ்சம் கடினம். பெரியவர்களைக் கோபுரம் இருக்கும் மேல்பக்கத்துக்கு வானில் கொண்டுபோய் விடுங்கள்.

சங்கங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடைச் சுற்றுலா என்றால் இளையோருக்கு மலையேற்றம், முதியோருக்கு மண்டபத்தில் மதியச் சாப்பாடு என்று பிரித்துப் போடுகிறீர்கள். ஒரு வருடமாவது இரண்டையும் சேர்த்து எங்கள் பக்கம் பேருந்தைத் திருப்புங்கள். பெடியள் முதலில் மூஞ்சியை நீட்டுவார்கள். அளவுக் கதையைச் சொல்லுங்கள், கைபேசியில் உயரம் காட்டும் செயலியைத் திறந்து அந்த ஒன்பது சென்ரிமீற்றரைத் தேட வெளிக்கிட்டுவிடுவார்கள். அம்மம்மாக்களைக் கல்லின்மேல் ஏற்றிப் படம் எடுக்கும் வேலையையும் அவர்களிடமே கொடுங்கள்.

மழை பெய்திருந்தால் புல்லுச் சறுக்கும், ஆகவே நல்ல சப்பாத்துப் போட்டு வாருங்கள். காற்றுக்குத் தொப்பி வேண்டும். அது பண்ணை நிலம், படலையைத் திறந்தால் திரும்பச் சாத்துங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு வரவேண்டாம். எந்தச் சனிக்கிழமை, எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே அறிவியுங்கள். பிட்டும் சம்பலும் எங்கள் பொறுப்பு, சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் குரக்கன் பிட்டு வேறாக வைப்போம்.

அன்புடன்,
யூலண்டிலிருந்து உங்கள் உறவு